உப்புக்காற்றில் ஓடும் பழைய 800: அறிகுறி பார்த்துக் கோளாறு தேடும் வழி

திருகோணமலையில் ஒரு குடும்பம் முதன்முதலாகக் கார் வாங்குகிறது என்றால் அது பெரும்பாலும் மாருதி 800 ஆகவோ அல்டோ 800 ஆகவோ இருக்கும். இரண்டிலும் 796 சிசி அளவுள்ள மூன்று சிலிண்டர் பெற்றோல் எஞ்சின். விலை கையைக் கடிக்காது, உதிரிப்பாகம் தட்டுப்படாது, சந்தில் திருப்பவும் இலகு. ஆனால் மாருதி 800 இன் தயாரிப்பு 1983 இல் தொடங்கி 2014 ஜனவரியில் முடிந்துவிட்டது. அல்டோ 800 வந்தது 2012 ஒக்டோபரில். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு வழி திறந்தது. இடையில் விலையோடு காரின் வயதும் ஏறியது. ஆகவே இன்று கைமாறும் 800 எதுவும் இளமையானது அல்ல. அதற்கு வரும் நோய்களில் பாதி வயதால் வருபவை, மீதிப் பாதி இந்த ஊர்க் காற்றால் வருபவை.

கீழே உள்ளவை அறிகுறிகளின் வரிசை. உங்கள் கார் காட்டும் அறிகுறிக்கு நேராகப் போகலாம். அதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். கராஜுக்குப் போய் "ஸ்டார்ட்டரை மாற்றித் தாருங்கள்" என்று கேட்டால் ஸ்டார்ட்டர் மாறும், கோளாறு மாறாது. "காலையில் டக் என்று ஒலி மட்டும் வருகிறது, மதியத்தில் வருவதில்லை" என்று சொல்லுங்கள். எப்போது, எங்கே, எஞ்சின் சூடாக இருக்கும்போதா குளிர்ந்திருக்கும்போதா, ஏசி போட்டிருந்ததா என்ற நான்கு விவரமும் இருந்தால் நல்ல மெக்கானிக் பொனட்டைத் திறக்கும் முன்பே பாதி வழி வந்துவிடுவார். இவ்வளவு மலிவான காரில் ஊகத்தின் பேரில் மூன்று பாகம் மாற்றினால் அந்தச் செலவு காரின் தகுதிக்கு மிஞ்சியது.

கையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை: மலிவான மல்டிமீற்றர் ஒன்று, 10, 12 அளவுச் சாவிகள், கம்பித் தூரிகை, மண்தாள், கைவிளக்கு.

திறப்பைத் திருப்பினால் எஞ்சின் சுழலவில்லை, அல்லது சோம்பலாகச் சுழல்கிறது

முன்விளக்கை எரியவிட்டுத் திறப்பைத் திருப்புங்கள். விளக்கு மங்கி அணைவதுபோல் போனால் பற்றரியில் பலமில்லை, அல்லது பலம் போகும் வழியில் தடை. விளக்கு பிரகாசமாகவே இருந்து டக் என்ற ஒலி மட்டும் கேட்டால் ஸ்டார்ட்டரின் சோலனொய்ட் (மின்காந்தச் சுவிட்ச்) பக்கம் பாருங்கள். விளக்கும் குறையவில்லை, ஒலியும் இல்லை என்றால் திறப்புச் சுவிட்ச், ரிலே, ஸ்டார்ட்டருக்குப் போகும் மெல்லிய வயர் ஆகிய மூன்றில் ஒன்று.

அடுத்து மல்டிமீற்றர். இரவு முழுவதும் ஓய்ந்திருந்த நல்ல பற்றரி 12.6 வோல்ட் அளவில் நிற்கும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12 க்குக் கீழே போனால் வெறும் பெட்டி. முழுமையாக ஏற்றிய பற்றரி ஸ்டார்ட்டர் சுழலும் நேரத்தில் 9.6 க்குக் கீழே விழுந்தால் அதன் ஆயுள் முடிந்தது. எஞ்சின் ஓடும்போது 13.8 இலிருந்து 14.5 வரை காட்ட வேண்டும். 12 சொச்சத்திலேயே நின்றால் ஓல்டர்னேட்டர் (எஞ்சின் சுழற்றும் மின்னாக்கி) பற்றரியை ஏற்றவில்லை, முதலில் அதன் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லா எண்ணும் சரியாக இருந்தும் டக் ஒலி போகவில்லையா? இங்கேதான் திருகோணமலைக்கே உரிய வியாதி தொடங்குகிறது. உவர்மலை, உள்துறைமுக வீதி, உப்புவெளி, நிலாவெளி என்று கடலுக்குக் கிட்ட நிற்கும் கார்களில் முதலில் சாகிறது எர்த் வயர்தான். பற்றரியின் மறை (−) முனையிலிருந்து ஒரு வயர் உடலுக்கும் ஒன்று கியர்ப்பெட்டிக்கும் போகும். ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்சாரம் முழுவதும் அந்த வழியாகத்தான் திரும்பி வர வேண்டும்.

சோதிப்பது எளிது. மல்டிமீற்றரின் கறுப்பு முனையைப் பற்றரியின் மறைத் தூணிலேயே வையுங்கள், பிடியில் அல்ல, ஈயத் தூணில். சிவப்பு முனையை எஞ்சினின் சுத்தமான இரும்பில் வையுங்கள். இன்னொருவர் ஸ்டார்ட் செய்யட்டும். அந்த வேளையில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வழியில் தடை இருக்கிறது.

வயரைப் பார்த்தால் எதுவும் தெரியாது. வெளித்தோல் கறுப்பாக, நல்ல வயர் போலவே இருக்கும். நுனியில் உள்ள வளையத்தை விரலால் அசைத்துப் பாருங்கள். வளையத்துக்கு அருகே தோல் சற்று ஊதியிருக்கும், அமுக்கினால் நறநறக்கும். அந்த இடத்தில் பிளேட்டால் கீறினால் உள்ளே செம்பு இழைகள் கறுத்து, பச்சைத் தூள் கொட்டும். உப்பு ஈரம் இழைகளுக்கிடையே ஏறிப் போவதால் அரை அடி தள்ளி வெட்டினாலும் சில வேளை கறுப்புத்தான் வரும். அப்படியானால் ஒட்டுப் போடாமல் முழு வயரையும் மாற்றுங்கள். பழையதைவிடத் தடித்ததாகப் போட்டால் நல்லது. உடலோடு பூட்டும் இடத்தில் பெயின்றையும் துருவையும் மண்தாளால் தேய்த்து, இரும்பு வெள்ளையாகப் பளிச்சிட்ட பிறகே பூட்ட வேண்டும். பூட்டி இறுக்கிய பின் மேலே கிறீஸ் தடவி மூடிவிடுங்கள்.

"நானா, பற்றரி மாற்றி ஒரு மாதம்கூட ஆகவில்லை, திரும்பவும் அதே டக்" என்று ஒருவர் கிண்ணியாவில் ஓர் ஆட்டோ எலக்ட்ரீசியனிடம் முறையிட்டதைக் கேட்டேன். அவர் பொனட்டைத் திறந்துகொண்டே, "பற்றரியை விடுங்கள் தம்பி, எர்த் எங்கே என்று காட்டுங்கள்" என்றார். புதிய பற்றரியின் பலம் பழைய வயரின் தடையைக் கொஞ்ச காலம் வென்றுவிடும். அதனால்தான் மாற்றியவுடன் எல்லாம் சரியானது போலத் தோன்றுகிறது.

நன்றாகச் சுழல்கிறது, ஆனால் பிடிக்கவில்லை

திறப்பை ஸ்டார்ட் வரை போகாமல் ஒரு படி முன்னே நிறுத்துங்கள். இன்ஜெக்‌ஷன் எஞ்சின் (கணினி சொல்லும் அளவில் பெற்றோலைத் தெளிப்பது) உள்ள காரில் இரண்டு நடக்க வேண்டும். எஞ்சின் விளக்கு எரிய வேண்டும், பின் இருக்கைப் பக்கத்திலிருந்து பெற்றோல் பம்ப் ஓரிரு வினாடி முனகி ஓய வேண்டும். வீதியில் பஸ் ஓடும்போது இந்த முனகல் கேட்காது, காலை அமைதியில் கேளுங்கள்.

விளக்கே எரியவில்லை என்றால் கணினிக்கு மின்சாரம் போகவில்லை. பியூஸ் பெட்டியிலிருந்து தொடங்குங்கள். விளக்கு எரிகிறது, முனகல் இல்லை என்றால் பம்ப்பின் பியூஸ், ரிலே, பிளக் இணைப்பு, கடைசியாகத்தான் பம்ப். பக்கத்திலுள்ள அதே வடிவ ரிலேயை எடுத்து மாற்றிப் போட்டுப் பார்ப்பது காசில்லாத சோதனை.

பம்ப் பற்றிப் பேசும்போது 2022 ஐ மறக்க முடியாது. அந்த ஆண்டு ஜூலையில் எரிபொருளுக்குக் கியூஆர் குறியீட்டுப் பங்கீட்டு முறை வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர்தான். பல கார்கள் காலித் தாங்கியோடு மாதக்கணக்கில் முற்றத்தில் நின்றன. தாங்கியின் வெற்றிடத்தில் ஈரக்காற்று புகுந்தால் நீர் கோக்கும், துரு விழும், அடியில் சகதி தங்கும். தாங்கிக்குள் இருக்கும் பம்ப்பைக் குளிர்விப்பதும் பெற்றோல்தான். வாங்கும்போது "அந்த நாட்களில் கார் ஓடியதா, நின்றதா" என்று கேளுங்கள். நின்ற கார் என்றால் தாங்கியைக் கழற்றிக் கழுவி, பம்ப்பின் சல்லடையை மாற்றிவிடுவது நல்லது. கால் தாங்கிக்குக் கீழே ஓட்டும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

முனகல் கேட்கிறது, ஆனாலும் பிடிக்கவில்லை என்றால் ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனி நனைந்து பெற்றோல் மணம் அடித்தால் எஞ்சின் பெற்றோலில் மூழ்கியிருக்கிறது. எக்ஸிலேட்டரை முழுவதும் மிதித்துப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்தால் பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் எஞ்சின்கள் பெற்றோலை நிறுத்திக் காற்றை மட்டும் இழுக்கும், சற்று நேரத்தில் பிடித்துவிடும். நுனி உலர்ந்திருந்தால் பெற்றோல் வந்து சேரவில்லை.

சூடான பின் தானாக நின்று, அரை மணி நேரம் ஆறிய பின் எதுவுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும் கார் பலரைப் பைத்தியமாக்கும். இதற்குப் பெரும்பாலும் கிராங்க் சென்சர் (எஞ்சின் சுழல்வதைக் கணினிக்குச் சொல்வது) காரணம். ஆறிய நிலையில் கராஜில் சோதித்தால் கோளாறே தெரியாது. நின்ற இடத்திலேயே சோதிக்க வேண்டும்.

எஞ்சின் வழக்கத்தைவிட வேகமாக, ஏற்ற இறக்கமில்லாமல் விர்ரென்று சுழன்றால் உடனே நிறுத்துங்கள். டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். மேலும் மேலும் சுழற்றுவதால் பயன் இல்லை. மாற்றிய திகதி எழுதப்படாத காரில், மீற்றர் என்ன காட்டினாலும், வாங்கிய கையோடு அந்த பெல்ட்டை மாற்றுவதே என் கட்சி.

வாடை மழைக் காலத்தில் எலி பொனட்டுக்குள் குடியேறும். சூடும் இருக்கிறது, கூரையும் இருக்கிறது, கடிக்க வயரும் இருக்கிறது, வேறு என்ன வேண்டும்? மழை இரவுக்குப் பிறகு ஸ்டார்ட் ஆகாத காரில் கைவிளக்கைப் பிடித்து இன்ஜெக்டர் வயர்களைப் பாருங்கள். கார்புரேட்டர் உள்ள பழைய மாருதியாக இருந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைத்தாலே பாதிப் பேருக்கு வேலை முடிந்துவிடும்.

நிற்கும்போது நடுங்குகிறது

மூன்று சிலிண்டர் எஞ்சின் நடுங்கத்தான் செய்யும். நான்கு சிலிண்டர் காரிலிருந்து இறங்கி இதில் ஏறுகிறவர் முதல் நாளே கராஜுக்கு ஓட வேண்டாம். இயல்பான நடுக்கம் சீரானது. கோளாறான நடுக்கத்தில் இடையிடையே ஓர் அடி தவறும்.

எஞ்சின் ஓடும்போது ஒவ்வொரு இன்ஜெக்டரின் பிளக்கையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கழற்றிப் பூட்டுங்கள். ஒன்றைக் கழற்றும்போது நடுக்கம் கூட வேண்டும். எதைக் கழற்றும்போது மாற்றமே இல்லையோ அந்தச் சிலிண்டர்தான் ஏற்கெனவே வேலை செய்யவில்லை. பிறகு எஞ்சினை அணைத்து, அதன் ஸ்பார்க் பிளக்கைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் பிளக். மாறாவிட்டால் கொயில், இன்ஜெக்டர், வால்வு என்று மேலே போகலாம். எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் எரியாத பெற்றோல் சைலன்சருக்குள் போகிறது. அந்த நிலையில் தூரப் பயணம் வேண்டாம்.

சற்று எக்ஸிலேட்டர் கொடுத்தால் நடுக்கம் முற்றாகப் போய்விடுகிறது, ஏசி போட்டால் கூடுகிறது என்றால் எஞ்சின் மவுண்ட் ரப்பர் இறங்கியிருக்கலாம், அல்லது எஞ்சினுக்குக் காற்று நுழையும் த்ரொட்டில் வாயில் கரி படிந்திருக்கலாம். கரியைத் துடைப்பது மலிவு, அதிலிருந்து தொடங்குங்கள். பொனட்டுக்குள் ஸ்ஸ் என்ற இரைச்சல் கேட்டால் ஏதோ ஒரு ரப்பர்க் குழாய் வெடித்துக் காற்றை இழுக்கிறது. கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் கால வெயிலில் இந்தக் குழாய்கள் அப்பளம்போல் நொறுங்கும்.

சூடேறுகிறது

இந்த ஒன்றில் மட்டும் பொறுமை காட்டக் கூடாது. சிவப்பு விளக்கு எரிந்தாலோ முள் மேலேறினாலோ ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். இன்னும் இரண்டு கிலோமீற்றர்தானே என்று ஓட்டிப் போகிறவர் ஹெட் கேஸ்கட்டுக்கு (எஞ்சினின் தலைக்கும் உடலுக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) பணம் கட்டுவார். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கவே வேண்டாம். உள்ளே அழுத்தத்தில் நிற்கும் நீர் நூறு பாகைக்கு மேலும் கொதிக்காமல் இருக்கும், மூடி தளர்ந்ததும் ஒரேயடியாகப் பொங்கி முகத்தில் அடிக்கும். ஆறும்வரை காத்திருங்கள்.

எங்கே சூடேறியது என்பதே முதல் தடயம். பிரதான வீதி நெரிசலில் ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் விசிறி. கந்தளாய்ப் பக்கம் சீரான வேகத்தில் ஓடும்போது ஏறினால் நீரோட்டம், அதாவது அடைத்த ரேடியேட்டர், திறக்காத தேர்மோஸ்டட் (சூட்டுக்கேற்ப நீரைத் திறந்துவிடும் வால்வு), தேய்ந்த நீர்ப்பம்ப்.

விசிறியைச் சோதிக்க ஏசியைப் போடுங்கள். ஏசி போட்டவுடன் அதே ரேடியேட்டர் விசிறி சுற்றி, எஞ்சின் சூட்டுக்கு மட்டும் சுற்றவில்லை என்றால் மோட்டார் நல்லது, சென்சர் பக்கம் கோளாறு. இரண்டுக்கும் சுற்றவில்லை என்றால் பியூஸ், ரிலே, இணைப்பு, மோட்டார் என்ற வரிசையில் போங்கள். விசிறியின் எர்த்தையும் கணக்கில் எடுக்க மறக்க வேண்டாம். உப்பு அங்கேயும் வேலை செய்திருக்கும்.

இங்கே கச்சான் காற்றுக்கும் ஒரு பங்கு உண்டு. மே தொடக்கம் ஓகஸ்ட் வரை தென்மேற்கிலிருந்து அனலாக வீசும். கந்தளாயிலிருந்து நகரத்துக்கு வரும் பாதை வடகிழக்கு நோக்கியது, ஆக அந்தக் காற்று காரின் முதுகில் வீசும். மெதுவாக ஓடும்போது முன்னாலிருந்து ரேடியேட்டருக்குள் போக வேண்டிய காற்று குறைந்துவிடும், விசிறி மட்டுமே துணை. போகும்போது நன்றாக இருந்த கார் வரும்போது மட்டும் சூடேறினால் விசிறியையும், ஏசி கொண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே அடைந்துள்ள தூசி, பூச்சி, வைக்கோல் தும்பையும் பாருங்கள். தம்பலகாமத்தில் அறுவடை நடக்கும் நாட்களில் அந்த இடுக்கு விரைவில் நிறையும். தண்ணீரை எஞ்சின் பக்கத்திலிருந்து முன்னோக்கி, மென்மையாக அடிக்க வேண்டும். அழுத்தமாக அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கி, இருந்த வழியும் அடைபடும்.

கிணற்றுத் தண்ணீர் ஊற்றி ஓட்டப்பட்ட கார் என்றால் அதை ரேடியேட்டரே சொல்லும். மூடியின் அடியில் செம்மண் நிறக் குழம்பும் வெள்ளைப் படிவும் இருக்கும். கரையோரக் கிணறுகளில் உவர் அதிகம், அலுமினியத்துக்கு அது நஞ்சு. கூலண்டும் காய்ச்சி வடித்த நீரும் சரிபாதியாகக் கலந்து ஊற்றுங்கள். பழைய படிவை ஒரேயடியாக அமிலம் போட்டுக் கழுவினால், படிவே அடைத்துக் காத்துவந்த ஓட்டைகள் திறந்துகொள்ளும். மிகவும் அரித்த ரேடியேட்டரைக் கழுவாமல் மாற்றுவதே உத்தமம்.

நீர் குறைந்துகொண்டே போகிறது, கீழே சொட்டும் இல்லை என்றால் குளிர்ந்த எஞ்சினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து பாருங்கள். நீருக்குள் குமிழி இடைவிடாமல் வந்தால் ஹெட் கேஸ்கட். எண்ணெய் மூடியின் அடியில் பால் தேநீர் நிறத்தில் குழைவு, சைலன்சரில் இனிப்பு மணமுள்ள வெள்ளைப் புகை ஆகியவையும் சேர்ந்தால் சந்தேகமே வேண்டாம். குமிழி வராமல், தரையில் மட்டும் ஈரம் என்றால் நீர்ப்பம்ப்பின் கீழ்த் துவாரத்தைப் பாருங்கள்.

புகைப் பரிசோதனையில் தோற்றது

வருடாந்த வரிப் பத்திரம் எடுக்கும்போதுதான் பலருக்கு இது தெரிய வருகிறது. நீலப் புகை எண்ணெய் எரிவது. காலையில் ஸ்டார்ட் செய்த கையோடு ஒரு கொத்தாக வந்து நின்றால் வால்வு சீல், எக்ஸிலேட்டர் கொடுக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் வளையம். முன்னது தாங்கக்கூடிய செலவு. பின்னது காரை விற்கலாமா என்று யோசிக்க வைக்கும் செலவு. கறுப்புப் புகை என்றால் பெற்றோல் மிகை: காற்று வடிகட்டி, ஒக்சிஜன் சென்சர், கசியும் இன்ஜெக்டர். சைலன்சரில் துருப்பிடித்த ஓட்டை இருந்தால் வெளிக்காற்று புகுந்து அளவீடே பிழைக்கும். முதலில் அதை ஒட்டிவிட்டுப் போங்கள்.

பெற்றோல் குடிக்கிறது

முதலில் அளந்து பாருங்கள். தாங்கி நிரம்பும்வரை அடித்து, ஓடி, அதே நிலையத்தில் திரும்ப நிரப்பி, தூரத்தை லீற்றரால் வகுங்கள். அல்டோ 800 வந்தபோது இந்தியச் சோதனைக்கூடக் கணக்கு லீற்றருக்கு 22.74 கிலோமீற்றர். அது சோதனைக்கூடத்தில் கிடைத்த எண். நகரத்துக்குள் ஏசியோடு ஓட்டி அதை எதிர்பார்ப்பது காரின் மேல் பழி போடுவதாகும்.

அளவு உண்மையிலேயே விழுந்திருந்தால் டயர்க் காற்று, இறுகிய பிரேக், அடைத்த காற்று வடிகட்டி, மூடாமல் நிற்கும் தேர்மோஸ்டட் என்ற வரிசையில் பாருங்கள். இறுகிய பிரேக்கைக் கண்டுபிடிக்க, ஓடி வந்து நின்றதும் நான்கு சக்கரங்களின் அருகேயும் புறங்கையைக் கொண்டு போங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலடித்தால் அதுதான் பெற்றோலைத் தின்கிறது.

பிரேக்

மிதிக்கும்போது ஒரு பக்கம் இழுத்தால், இழுக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில்தான் பெரும்பாலும் கோளாறு. அந்தப் பக்கக் கலிப்பரின் (பிரேக் கட்டைகளை அழுத்தும் பிடி) வழுக்கு ஊசிகள் துருப்பிடித்து நகராமல் நிற்கும். கழற்றித் துடைத்து, பிரேக்குக்கான கிறீஸ் இட்டால் போதும், கலிப்பர் மாற்றத் தேவையில்லை.

மழையில் நின்ற கார் மறுநாள் நகர மறுக்கிறதா? பின் ட்ரம்முக்குள் லைனிங் துருவோடு ஒட்டியிருக்கும். கடற்கரையோரம் இரவு நிறுத்துகிறவர்கள், சமதரையாக இருந்தால், கைப்பிரேக்கை விட்டு முதல் கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கல் கொடுப்பதே மேல்.

மிதித்துப் பிடித்திருக்கும்போது மிதி மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் காரை எடுக்க வேண்டாம். மாஸ்டர் சிலிண்டர் உள்ளே கசியலாம், அல்லது சக்கரத்தருகே கசியலாம். இந்த ஊரில் மூன்றாவது ஒன்றும் உண்டு. உடலின் அடியில் பின்பக்கம் போகும் இரும்புப் பிரேக் குழாய்கள் துருவேறி மெலிந்திருக்கும். காரை உயர்த்தி, பிடிப்பான்கள் உள்ள இடங்களில் தூரிகையால் தேய்த்துப் பாருங்கள், உப்பு மண் தங்குவது அங்கேதான். செதிள் செதிளாக உரிந்தால் குழாயை மாற்றுங்கள், தள்ளிப்போட வேண்டாம். பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் மாற்றினால் குழாயின் உட்புறமும் பிழைக்கும்.

ஒலிகள்

வெறும் மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து மெல்ல வட்டமிடுங்கள். கடக் கடக் என்றால் வெளி அக்சில் மூட்டு. அதன் ரப்பர் உறை கிழிந்து, மணல் புகுந்திருக்கும். உறை கிழிந்தவுடனேயே மாற்றியிருந்தால் மூட்டு தப்பியிருக்கும். வேகத்தோடு கூடும் ஊ என்ற ரீங்காரம் சக்கர பெயரிங், வளைவில் திரும்பும்போது அது கூடும் அல்லது குறையும். குழியில் விழும்போது டொக் என்றால் கீழ்க்கை புஷ், ஷாக் அப்சார்பரின் மேல் மவுண்ட். மேல் மவுண்ட் இருக்கும் இடத்தில் உடல் தகட்டையும் பார்த்துவிடுங்கள். அங்கே துரு குமிழ்விட்டிருந்தால் மெக்கானிக்கிடம் அல்ல, வெல்டிங் செய்பவரிடம் போக வேண்டும்.

கிளச் வழுக்குகிறதா என்று அறிய உவர்மலை ஏற்றம் போதும். எஞ்சின் அலறியும் வேகம் கூடவில்லை என்றால் தட்டு தேய்ந்துவிட்டது. மிதி மட்டும் கனமாக இருந்தால் கேபிளை மாற்றிப் பாருங்கள், அது மலிவு.

ஏசி குளிரவில்லை

வாயு தானாகத் தீராது. தீர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது. உப்பில் அரித்த கொண்டென்சரில் எண்ணெய்ப் பிசுக்குள்ள கறை தெரியும், அங்கேதான் ஓட்டை. அதை அடைக்காமல் வாயு மட்டும் நிரப்பித் தருகிற கடைக்கு ஆண்டுக்கு இருமுறை போக விருப்பமிருந்தால் போகலாம்.

கால்விரிப்பு ஈரமாக இருக்கிறது

கண்ணாடிக்குக் கீழேயுள்ள பள்ளத்தில் வேப்பஞ்சருகு அடைத்து, மழைநீர் போக வழியின்றி உள்ளே வரும். சருகை அள்ளுங்கள். கதவின் அடி விளிம்பில் உள்ள சிறு துவாரங்களைக் குச்சியால் குத்தித் திறவுங்கள். பிறகு விரிப்பை முழுவதும் தூக்கித் தரையை உலரவிடுங்கள், மேலே மட்டும் காய்ந்தால் கீழே தகடு அழுகும். வாங்கப் போகும் காரிலும் விரிப்பின் ஓரத்தைத் தூக்கிப் பார்க்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாம். நிலாவெளிக் கரையில் நிறுத்திவிட்டு வந்தால் கூரையைக் கழுவுவதைவிட அடியைக் கழுவுவதுதான் முக்கியம், அதுவும் நன்னீரால்.

வழியில் நின்றுவிட்டால்

கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் அந்தி சாய்ந்த பின் யானை வீதியைக் கடக்கும். அந்தப் பகுதியில் நின்றால் காரை விட்டு இறங்கிப் பொனட்டுக்குள் தலையை விட வேண்டாம். ஆபத்து விளக்கைப் போட்டு உள்ளேயே இருந்து, பின்னால் வரும் லொறியையோ பஸ்ஸையோ மறியுங்கள். சூடேறி நிற்கிற கார், சோதித்துப் பார்க்காத கார் ஆகிய இரண்டையும் அந்தப் பாதையில் மாலையில் எடுக்காமல் இருப்பது இன்னும் நல்லது.

கயிறு கட்டி இழுப்பதானால் கொக்கியில் கட்டுங்கள், பம்பரில் அல்ல. திறப்பு உள்ளே இருந்து ஒரு படி திரும்பியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் வளைவிலேயே ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். எஞ்சின் ஓடாதபோது பிரேக்குக்குத் துணைவிசை கிடைக்காது, மிதி கல்லாக இருக்கும். முன்னால் போகிறவரிடம் இதைச் சொல்லி, முப்பது கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டாமல் போகச் சொல்லுங்கள்.